எட்டு நாளில் பதினொரு மலை

பேஷ் கண்ணு, பேஷ். இப்படி ஒரு திட்டத்த என்ற சர்வீசுலயே பாத்ததில்ல. சுவிட்சர்லாந்துல எட்டு நாள், பதினொரு மலை, ஆறு ஏரி, ஒரு சாக்லெட் கம்பெனி. வெடியால அஞ்சே முக்காலுக்கு எந்திரிக்கறது, ஆறு பத்துக்கு மூணு பேரும் குளிச்சுக் கெளம்பி ஸ்டேசன்ல நிக்கறது. அம்மணி இருவத்தஞ்சு நிமிசத்துல பாப்பாவையும் கெளப்பி, தானும் கெளம்பிருவாளாக்கும்? அவளைக் கேட்டயா? கேட்டிருக்க மாட்டே. கேக்கறதுக்குன்னு இந்த அட்டவணையில ஒரு கட்டமே காணமே.

கோவிச்சுக்காதே சாமி. நீ சரவணம்பட்டியில ஏசி ரூமுல உக்காந்து எக்செல்லுல கட்டம் கட்டறவன். நான் குன்னூர் லோகோ செட்டுல கரிப்பொகை தின்ன ஃபிட்டர். ஆனா ஒண்ணு. நான் காலமெல்லாம் கிரீஸ் போட்ட எக்ஸ் கிளாஸ் எஞ்சினு சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ங்கற ஊர்ல செஞ்சு வந்தது. மேட்டுப்பாளையத்துல இருந்து மலையேறறப்ப தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச கம்பி ஓடுதே, அந்த ஏற்பாட்டக் கண்டுபுடிச்ச ரோமன் அப்ட்டும் அந்த நாட்டு ஆளுதான். அதனால எனக்கும் அவியளுக்கும் பழைய ஒறவு உண்டு. அப்பறம் உன்ற மாமன் மக பெர்ன்ல இருக்கறாளே, அவ என்னயக் கூட்டிட்டுப் போயி ஒரு கோடை பூரா வெச்சிருந்தா. நியாயத்துக்கு நீ கட்டியிருக்க வேண்டிய முறைப்பொண்ணு, தப்பிச்சு அத்தன தூரம் போயிட்டா. அம்மணி, நீ சிரிக்காதே, நீ மாட்டிக்கிட்டே.

சரி, மொதல்ல மாசத்தப் பாப்போம். தீபாவளி லீவையும் ரெண்டு சனி ஞாயித்தையும் ஒட்டவெச்சு நவம்பர்ல போறே. ஏரோப்ளேன் டிக்கெட்டு நெம்ப சல்லிசாக் கெடச்சுதுங்கறே. கெடைக்கும், கெடைக்காம என்ன? அஞ்சாம் நாள் கட்டத்துல 'கிளேசியர் எக்ஸ்பிரஸ், ஜன்னலோரம், கட்டாயம்'னு செவப்புல எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்கறே பாரு, அதப் பத்திக் கவலையே படாதே. அன்னைக்கு அந்த வண்டியில ஜன்னலோரம் பூராக் காலிதான். ஏன்னா அன்னைக்கு அந்த வண்டியே ஓடாது. அக்டோபர் நடுவுல நிறுத்துனா டிசம்பர் நடுவுலதான் மறுபடி எடுப்பாங்க.

நவம்பர்ங்கறது அங்க மலை வண்டிகளுக்கு எண்ணெய் போடற மாசம். கோடைக் கூட்டம் போயிரும், பனிச்சறுக்குக் கூட்டம் வந்திருக்காது. அந்த எடவெளியில ரோப்காரை நிறுத்தி, கம்பி, கப்பி, பிரேக்கு எல்லாத்தையும் கழட்டிச் சோதிச்சு மாட்டுவாங்க. ஒரு ஃபிட்டரா நான் கையெடுத்துக் கும்புடற ஏற்பாடு. நீ மூடுன கதவுக்கு முன்னால நின்னு குடும்பத்தோட போட்டோ எடுத்துக்கலாம். கீழ சூரிச்சு, பெர்ன் பக்கமெல்லாம் நாள்கணக்குல மூடுபனி படுத்துக் கெடக்கும். அதுக்கு மேல போயிட்டா வெயிலு பளிச்சுன்னு அடிக்கும். மேல போற வண்டியில பாதிக்கு எண்ணெய் போட்டுட்டிருக்காங்களே, எப்படிப் போவே?

மே கடைசி, ஜூன் மொத வாரம்னு மாத்து. அப்பத்தான் பனி உருகி லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குல அருவியெல்லாம் நெறஞ்சு கொட்டும். மொத்தம் 72 அருவின்னு அவிய கணக்குச் சொல்றாங்க. ஊருக்கு மேலயே ஸ்டாப்பாக்குன்னு ஒண்ணு, கிட்டத்தட்ட 300 மீட்டர் பாறையில இருந்து உழுகுது. கீழ வர்றதுக்குள்ள பாதித்தண்ணி காத்துல தூளாப் போயிருது. ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் பொழுது சாயும். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் தொறந்துருமா? ரெண்டாங் கிளாசு புள்ள ஒரு வாரம் வரலேன்னா பள்ளிக்கூடத்த இழுத்தா மூடிருவாங்க? அதுவும் ஆகாதுன்னா காலாண்டு லீவுக்குப் போ. செப்டம்பர் கடைசியில எல்லா வண்டியும் ஓடும், கூட்டமும் கொறஞ்சிருக்கும்.

அடுத்தது உன்ற மொத நாளு. வெடியால சூரிச்சுல எறங்கறே, மத்தியானமே யுங்ஃபிராவ்யோக் மேல நிக்கறே. கோயமுத்தூர்ல இருந்து ராத்திரியெல்லாம் தூங்காம வந்த ஒடம்ப, பொட்டிபடுக்கையோட, 3454 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போறே. நம்ம தொட்டபெட்டா 2637 மீட்டர்தான், அங்கியே உனக்கு மூச்சு வாங்குச்சு. பாப்பா வாந்தியெடுத்தா எந்தக் கட்டத்துல எழுதுவே?

அந்த ரயிலைப் போட்டவரும் உன்ன ஒத்த திட்டக்காரருதான். அடோல்ஃப் கையர் செல்லர்னு சூரிச்சு பக்கத்துப் பணக்காரரு. 1893ல ஒரு நாள் மலையில நடந்துட்டிருக்கறப்ப ரோசனை வந்துருச்சு, ஐகர் மலைக்குள்ள கொகை வெட்டி யுங்ஃபிராவ் உச்சிக்கே ரயிலு உட்டா என்னன்னு. ஏழு வருசத்துல முடிச்சிரலாம்னு கணக்குப் போட்டாரு. 1896ல வேலை தொடங்குச்சு. 1899ல அவரு போய்ச் சேந்துட்டாரு. வேலை முடியறதுக்கு மொத்தமாப் பதினாறு வருசம் ஆச்சு, 1912 ஆகஸ்டு ஒண்ணாந்தேதிதான் ஸ்டேசன் தொறந்தாங்க. உச்சிக்கும் போகல. உச்சி 4158 மீட்டர்ல இருக்குது, காசு பத்தாம கணவாயோட நின்னுக்கிட்டாங்க. இன்னைக்கு அந்த நின்ன எடத்துக்கே 'ஐரோப்பாவின் உச்சி'ன்னு போர்டு மாட்டி விக்கறாங்க. திட்டம் தப்பினாலும் யாவாரம் தப்பக்கூடாதுங்கறதுல கெட்டிக்காரங்க.

அந்த டிக்கெட்ட மூணு மாசத்துக்கு முன்னாலயே எடுத்துட்டேன்னு பெருமையாச் சொல்றே. எடு, எடு. ஒரு ஆளுக்கு முழுக் காசு 200 ஃபிராங்குக்கு மேல, ஒரு ஃபிராங்கு நூறு ரூவாய்க்கு மேல, நீயே பெருக்கிக்க. மேகத்துக்குத்தான் யாரும் தேதி சொல்லி அனுப்பல. மேல போயி நின்னீன்னா முன்னால வெள்ளை, பின்னால வெள்ளை, பக்கத்துல நிக்கற பொண்டாட்டியே மங்கலாத் தெரிவா. வெவரமான ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, அந்தப் பக்கம் மூணு நாலு ராத்திரி தங்குவாங்க. உச்சியில கேமரா வெச்சு நேரலையாக் காட்டறாங்க, போன்லயும் வரும், ஓட்டல் டிவியிலயும் வரும். வெடியால காப்பி குடிச்சிட்டே அதப் பாப்பாங்க. வெள்ளையா இருந்தா அன்னைக்கு ஏரியில கப்பல். நீலமா இருந்தா ஸ்டேசனுக்கு ஓடி மொத வண்டி. இதுக்கு எக்செல் வேண்டியதில்ல, ரெண்டு கண்ணு போதும்.

ஏறறப்ப ஐஸ்மீர்னு ஒரு ஸ்டேசன், மலைக்குள்ளயே. அஞ்சு நிமிசம் நிறுத்துவான். பாறையில பெரிய கண்ணாடி ஜன்னல் வெச்சிருக்கான், எட்டிப் பாத்தா பனியாறு. எறங்கிப் பாத்துப்போட்டு ஓடி வந்து ஏறிக்க. சோத்துக்கு என்ன பண்றதுன்னு நீ ரெண்டு கட்டம் ஒதுக்கி அழுதிருக்கறே. மேல 'பாலிவுட்'னே பேரு வெச்சு ஒரு சாப்பாட்டுக்கடை நடக்குது. இந்திக்காரங்க அங்க படம் புடிச்சுப் புடிச்சு, யஷ் சோப்ராங்கற டைரக்டருக்கு இன்டர்லாக்கன்ல செலையே வெச்சுட்டாங்கன்னா பாத்துக்க.

இன்டர்லாக்கன்ல ஏறறப்ப ஒரு சங்கதி. அந்த வண்டி ஸ்வைலூட்சினன்ங்கற ஊர்ல ரெண்டாப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னன் போகும், மறு பாதி கிரின்டெல்வால்டு போகும். எந்தப் பெட்டி எந்த ஊருக்குன்னு பெட்டி மேலயே எழுதியிருக்கும், ஆனா நம்ம சனம் எங்க எடம் கெடச்சாலும் துண்டு போடுமே. நீ ஜன்னலோரம் தேடி முன்னால ஓடி, அம்மணி பாப்பாவோட பின்னால ஏறிட்டான்னா, ஆளுக்கொரு மலை. அவ நிம்மதியாப் பாத்துட்டு வரட்டும்னு நெனச்சீன்னா அப்படியே பண்ணு, நான் குறுக்க வரமாட்டேன்.

இப்ப உன்ற உசுரான கிளேசியர் எக்ஸ்பிரசுக்கு வருவோம். செர்மாட்டுல இருந்து சென் மோரிட்ஸ் வரைக்கும், 290 கிலோமீட்டர் சொச்சம், எட்டு மணி நேரம். 291 பாலம், 91 கொகை. ஒலகத்துலயே நெம்ப மெதுவாப் போற எக்ஸ்பிரசுன்னு அவியளே சொல்லிச் சிரிச்சுக்கறாங்க. நாங்க 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் எடுத்துக்கறப்ப மட்டும் 'எப்பப்பா போய்ச் சேருவே'ன்னு கேட்டவிய, அங்க டிராவல் பாஸுக்கு மேல தனியா சீட்டுக் காசு கட்டி மெதுவாப் போறீங்க. நல்ல வண்டிதான், கொறை சொல்லல. கூரை வரைக்கும் வளைஞ்ச கண்ணாடி, உக்காந்த எடத்துக்கே சோறு. ஆனா கண்ணாடி தொறக்காது. போட்டோ எடுத்தீன்னா மலைக்கு நடுவுல உன்ற வழுக்கைத்தலையும் உழுகும்.

நான் சொல்றதக் கேளு. அந்தத் தண்டவாளத்துலயே சாதாரண வண்டியும் ஓடுது. அங்கங்க மாறி மாறி ஏறணும். ஆனா அதே மலை, அதே பாலம், தனி சீட்டுக் காசு கெடையாது, புடிச்ச ஊர்ல எறங்கிக்கலாம். மலை எந்த வண்டியில வர்றேன்னு டிக்கெட்டு கேக்கறதில்ல.

அதவிட எனக்குப் பிடிச்சது பெர்னினா வழி. சென் மோரிட்ஸ்ல இருந்து இத்தாலியில திரானோ வரைக்கும். இதுலயும் கண்ணாடிக்கூரை எக்ஸ்பிரஸ் ஒண்ணு உண்டு, வருசம் பூரா ஓடும். நீ உள்ளூர் வண்டியில ஏறு. பழைய பெட்டியாக் கெடச்சா ஜன்னலை எறக்கி உட்டுக்கலாம். ஆடி மாசத்து வாக்குல போனா கூரையில்லாத மஞ்சப்பெட்டி கூட மாட்டியிருப்பான். திரானோ போறப்ப வலப்பக்கம் உக்காரு. மோர்ட்டராட்சு பனியாறு, லாகோ பியாங்கோ ஏரி, எல்லாம் அந்தப் பக்கம்தான். 2253 மீட்டர்ல ஒரு ஸ்டேசன். அந்த மேட்டுல ஒரு பக்கம் உழுகற மழைத்தண்ணி டான்யூப் வழியாக் கருங்கடலுக்குப் போகுது, மறு பக்கம் உழுகறது போ ஆத்துல சேந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகுது. இத ஏன் சொல்றேன்னா, அந்த ஏத்தம் பூரா பல்சக்கரமே கெடையாது. நூத்துக்கு ஏழு ஏத்தம். நம்முளது நூத்துக்கு எட்டு, அதுக்கே பல்லு வெச்சுப் புடிச்சுத்தான் ஏத்தறோம். இவன் வெறும் சக்கரத்துல ஏத்தி, வெறும் பிரேக்குல எறக்கறான். என்ற வயித்துல புளி கரைச்சுது, பக்கத்துல ஒரு பாட்டியம்மா ஸ்வெட்டர் பின்னிட்டு வந்தா.

பிரூசியோங்கற எடத்துல எறக்கத்துக்கு எடம் பத்தல. வெட்டவெளியில கல்லுப்பாலம் ஒண்ண வட்டமா வளைச்சுக் கட்டி, போன வண்டி சுத்தி வந்து தன்ற பாலத்துக்கு அடியிலயே நுழைஞ்சு போகுது. ஒம்பது வளைவுப் பாலம். கடைசிப் பெட்டியில உக்காந்தா உன்ற எஞ்சினு உனக்குக் கீழ போறதப் பாக்கலாம். அப்படியே எறங்கி 429 மீட்டருக்கு வந்துருவே. திரானோவுல கோயிலுக்கு முன்னால மைதானத்துல காரோட காரா ரயிலும் ரோட்டுல போகும். ஒரே நாள்ல பனிக்கட்டி, பனைமரம், பீட்சா. அந்த வழியும், அதுக்கு மேல துசிஸ்ல இருந்து வர்ற அல்புலா வழியும் சேந்து 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல போயிருச்சு. நம்ம நீலகிரி ரயிலு 2005லயே போயிருச்சு, மூணு வருசம் மூத்தது. இத அங்க ஒரு கார்டுகிட்டச் சொன்னேன், உன்ற மாமன் மகதான் மொழிபெயர்த்தா. அந்தாளு தொப்பியக் கழட்டினாரு.

அல்புலா வழியில ஃபிலிசூர் பக்கத்துல லாண்ட்வாசர் பாலம், 65 மீட்டர் ஒசரம், வளைஞ்சு போயி நேரா செங்குத்துப் பாறையில இருக்கற கொகைக்குள்ள நுழையுது. அந்த வழியிலதான் 2022 அக்டோபர்ல நூறு பெட்டி கோத்து, 1910 மீட்டர் நீளத்துக்கு ஒரே பயணி வண்டியா ஓட்டிக் காட்டினாங்க. ஏழு டிரைவருங்க. ஒருத்தன் ஒரு நொடி முந்தியிருந்தாலும் நடுவுல அறுத்துக்கும். உன்ற ஆபீசுல ஏழு பேரு சேந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே நேரத்துல கெளம்புவீங்களா?

ஆறாம் நாள் லூசர்ன், ஒரே நாள்ல ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ். மூணையும் தொட்டுப்போட்டு வர்றதுக்கு நீ என்ன கபடி ஆடவா போறே? ஒண்ணு மட்டும் வெச்சுக்க. பாஸ் வெச்சிருந்தா ரிகிக்குக் காசே கெடையாது. லூசர்ன்ல கப்பலேறு, அதுவும் பாஸுலயே. ஃபிட்னாவுல எறங்கினா செவப்பு வண்டி நிக்கும். 1871 மே மாசம் 21ந்தேதி ஓடத் தொடங்கினது, ஐரோப்பாவுலயே மொத பல்சக்கர மலை ரயிலு. போட்டவரு ரிகன்பாக்கு. நம்ம அப்ட்டு அவருகிட்ட வேலை பாத்தவருதான். எறங்கறப்ப அந்தப் பக்கமா நீல வண்டியில ஆர்ட் கோல்டாவுக்கு எறங்கிரு, வந்த வழியே திரும்ப வேண்டாம். உச்சியில தங்கி சூரிய உதயம் பாக்கணும்னு ஆசப்பட்டா அலாரம் வெச்சுக்க. மார்க் ட்வெயின்னு அமெரிக்கா எழுத்தாளன் ஒருத்தன் அங்க உதயம் பாக்கப் போயி நல்லாத் தூங்கிப்போட்டான். எந்திரிச்சுப் போர்வையப் போத்திக்கிட்டு வந்து நின்னு பயபக்தியாப் பாத்தது அஸ்தமனமாம். அவனே எழுதி வெச்சிருக்கான்.

என்னயக் கேட்டா நான் பிலாட்டஸுக்குத்தான் போவேன். அது மலைக்காக இல்ல. 1889ல போட்டது, நூறு மீட்டருக்கு 48 மீட்டர் ஏறுது. ஒலகத்துல இத்தன செங்குத்தாப் பல்சக்கர ரயிலு வேற கெடையாது. அந்தச் சரிவுல நம்முளது மாதிரி பல்லு மேல பாத்து இருந்தா, பாரம் தாங்காம சக்கரம் பல்லை உட்டு மேல எகிறிக்கும். எடுவார்ட் லோக்கர்னு ஒரு எஞ்சினியரு என்ன பண்ணினாருன்னா, கம்பியோட ரெண்டு பக்கவாட்டுலயும் பல்லு வெட்டி, சக்கரங்களப் படுக்கப் போட்டு, அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணா அதை இடுக்கிப் புடிக்க வெச்சாரு. இனி எங்க எகிறும்? நான் ஸ்டேசன்ல குனிஞ்சு அதையே பாத்துட்டிருந்தேன். 'எல்லாரும் மலையப் பாக்கறாங்க, நீங்க மட்டும் வண்டியோட அடிவயித்தப் பாக்கறீங்களே தாத்தா'ன்னு கூட வந்த உன்ற மாமன் மகளுக்கு ஒரே வெக்கம். நவம்பர் கடைசியில இருந்து மே வரைக்கும் அந்த வண்டி ஓடாது, அதையும் குறிச்சுக்க.

லுகானோ போறதுக்கு ரெண்டு மணி நேரம்னு போட்டு, 'மிக வேகம்'னு பச்சைக்கலர் வேற அடிச்சிருக்கறே. ஏன் வேகம்? காட்ஹார்டு மலைக்கு அடியில 57 கிலோமீட்டர் கொகை, 2016ல தொறந்தது, ஒலகத்துலயே நீளம். இருவது நிமிசம் வெறும் இருட்டு. ஆல்ப்ஸ் பாக்கறதுக்கு அத்தன தூரம் போயி, ஆல்ப்சுக்கு அடியில பூந்து போறே! யாவாரிக்கு அது வழி. உனக்கு மேல பழைய வழி இருக்குது, 1882ல போட்டது, ட்ரேனோ கொட்டார்டோன்னு வண்டி ஓடுது. ஒரு மணி நேரம் எச்சா ஆகும். ஆகட்டும். அதுல வாசன்னு ஒரு ஊரு. மலைக்குள்ள வண்டி சுத்திச் சுத்தி ஏறறதால அந்த ஊரு சர்ச்சு மூணு வாட்டி கண்ணுல படும். மொதல்ல தலைக்கு மேல, அப்பறம் நேருக்கு நேரா, அப்பறம் காலுக்குக் கீழ. ஒரே சர்ச்ச மூணுன்னு நெனச்சு உன்ற பட்டியல்ல மூணு டிக்கு போட்டுக்க, கணக்குக்கு ஆகும்.

அப்பறம் இந்த 'ஆறு நிமிட மாற்றம், ஆபத்து'ன்னு போட்டிருக்கறது. அங்க நேரப் பட்டியலு 1982ல இருந்து ஒரே தாளம். ஒரு மணிக்கு எத்தன நிமிசத்துக்கு வண்டியோ, ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் அதே நிமிசத்துக்கு. பெரிய ஜங்சன்ல மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால எல்லாத் திக்குல இருந்தும் வண்டிங்க வந்து சேரும், மணி அடிச்சதும் எல்லாத் திக்குக்கும் கெளம்பும். நம்ம செவ்வாக்கெழமச் சந்தைக்கு நாலு பக்கத்து வண்டியும் வந்து, யாவாரம் முடிஞ்சதும் நாலு பக்கமும் கலையுதே, அதேதான், மணிக்கொரு வாட்டி. ஒண்ண உட்டா அரை மணியிலயோ ஒரு மணியிலயோ அடுத்தது. ஒண்ணும் குடி முழுகாது. ஆறு நிமிசம் தாராளம், நாலு பெரிய பொட்டிய இழுக்காம இருந்தா. பொட்டிய ஸ்டேசன்லயே கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பலாம், காசு கேப்பான், கொடு. இடுப்புவலிக்குத் தைலம் வாங்கறதவிடச் சல்லிசு.

ஸ்டேசன்ல கடியாரத்தப் பாரு. ஹான்ஸ் ஹில்ஃபிகர்னு ரயில்வே எஞ்சினியரு 1944ல வடிச்சது. பின்னால அதுல செவப்பு நொடிமுள்ளு வந்துச்சு, நுனியில வட்டம், கார்டு தூக்கிக் காட்டற தட்டு கணக்கா. அது ஐம்பத்தெட்டரை நொடியில ஒரு சுத்து முடிச்சு, உச்சியில ஒண்ணரை நொடி சும்மா நிக்கும். மெயின் கடியாரத்துல இருந்து சைகை வந்தப்பறம்தான் நிமிசமுள்ளு ஒரு தாவு தாவும், செவப்பு முள்ளும் நகரும். அந்தக் கடியாரமே நிமிசத்துக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குது. உன்ற திட்டத்துல எட்டு நாளுக்குமாச் சேத்து 'ஓய்வு: 45 நிமிடம்'னு போட்டிருக்கறே. அது எதுக்கு, கக்கூசுக்கா?

பாஸு சங்கதி. எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்திருக்கறே. அன்னாடு ஊரு மாறினா அதுதான் லாபம். ரயிலு, பஸ்ஸு, கப்பலு, ஐந்நூறு மியூசியத்துக்கு மேல, எல்லாம் அதுல அடக்கம். ஆனா யுங்ஃபிராவுக்கு முழுசாச் செல்லாது. பாதி மலை வரைக்கும்தான், அதுக்கு மேல கால்பங்கு தள்ளுபடி. நான் சொல்றபடி ரெண்டே ஊர்ல டேரா போட்டு, வானத்தப் பாத்துக் கெளம்பறதானா, ஒரு மாசம் செல்லற பாதிக்கட்டணக் கார்டு போதும், மலை வண்டியிலயும் பெரும்பாலும் பாதிதான். ரெண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாரு, அதுக்கு எக்செல் ஒதவும். பாப்பாவுக்குக் குடும்பக் கார்டு கேளு. ஆறுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் அப்பன் ஆத்தாளோட போனா காசில்ல. கேட்டாத்தான் தருவாங்க. பெரிய ஊர்களுக்கு எடையில ஓடற மாடி வண்டியில சறுக்குப்பலகையோட புள்ளைங்களுக்குன்னே ஒரு பெட்டி உண்டு. அவ அதுல ஏறிட்டா உன்ற ஆல்ப்ச ஏறெடுத்தும் பாக்க மாட்டா, மனசத் தேத்திக்க.

தண்ணிப் பாட்டிலுக்கு நாளுக்கு இத்தன ஃபிராங்குன்னு ஒரு வரி பாத்தேன். அத அடிச்சிரு. தெருவுக்குத் தெரு கல்தொட்டியில ஊத்து கொட்டுது, குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தா ஒழிய எல்லாம் குடிக்கற தண்ணி. ஞாயித்துக்கெழம கடையெல்லாம் அடச்சுருவாங்க, பெரிய ஸ்டேசன் கடை மட்டும் தொறந்திருக்கும். மிக்ரோஸ்லயோ கோப்லயோ ரொட்டி, தயிரு, பழம் வாங்கி ரயில்ல உக்காந்து சாப்புடு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புளிச்சோறு பொட்டலத்தப் பிரிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மூக்கத்தான் கொஞ்சம் திருப்பிக்குவாங்க. அவிய பாலாடைக்கட்டிய உருக்கித் தின்னறப்ப நாமளும் அதத்தான் பண்ணப் போறோம், சரிக்குச் சரி.

சோத்துக்கு மனசு ஏங்கினா பெர்ன்ல எறங்கி, உள்ளூர் ரயில்ல ஐரோப்பாப்பிளாட்சுக்கு ஒரு ஸ்டேசன் போ. அங்க சமயங்களின் வீடுன்னு ஒரு கட்டடம், 2014ல தொறந்தது. ஒரே கூரைக்குக் கீழ நம்ம கோயிலு, பள்ளிவாசலு, புத்தர் மண்டபம், சர்ச்சு, எல்லாம் இருக்குது. கோயிலுக்கு வர்றதெல்லாம் நம்ம ஈழத்துச் சனம். எண்பத்து மூணுக்கப்பறம் உசுரைக் கையில புடிச்சுட்டுப் போனவிய. அந்த நாட்டுல அம்பதாயிரம் பேருகிட்ட இருக்கறாங்க. உன்னாட்டம் மலை பாக்கப் போகல, ஓட்டலு சமையக்கட்டுல பாத்திரம் கழுவித்தான் அந்த மலையப் பாத்தாங்க. அவியகிட்டப் போயி 'இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது'ன்னு கேட்டு வெக்காதே. நல்லா இருக்கீங்களான்னு கேளு.

அம்மணி, பேனாவக் கொடு. அஞ்சு மலைய அடிச்சாச்சு. இன்டர்லாக்கன் பக்கம் நாலு ராத்திரி, கூர்ங்கற ஊரு பக்கம் மூணு ராத்திரி. சாக்லெட் கம்பெனியும் வேண்டாம், அது கடையிலயே கெடைக்குது. மூணு கட்டம் காலியா இருக்கட்டும், அதுல ஒண்ணும் எழுதாதே. கை துறுதுறுன்னு வருதா? வரும்.

வண்டி மாறற எடத்துல, பெட்டி பிரியற எடத்துல, எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்றதுக்கு வெவரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருந்தா உனக்குத்தான் சுளுவு. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா விசாரிச்சுப்போட்டேன், அந்தப் பாஸுல கெழவனுங்களுக்குன்னு சலுகை எதுவும் கெடையாது, முழுக் காசுதான். என்ற பாஸ்போர்ட்டு இன்னும் நாலு வருசம் செல்லும். பீரோவுல மேல்தட்டுல இருக்குது.